மதுரையில் ஆளே இல்லையா? 1858-ல் தமிழ்நாட்டைப் படம்பிடித்த கேப்டன் ட்ரைப்பின் கதை

பழவேற்காடு ஏரிக்கரையில் லீவு நாள் விடியற்காலையில் போய் நின்றால், மீனவர்களுக்குப் பக்கத்திலேயே டிரைபாடுகளையும் பார்க்கலாம். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு என்டி ஃபில்டரை மாட்டி, ஷட்டரை 30 விநாடி திறந்து வைப்பார்கள். படத்தில் அலையெல்லாம் காய்ச்சிய பால் மேல் படிந்த ஆடை மாதிரி வழவழப்பாகிவிடும். வலை கட்ட ஊன்றிய கழிகள் மட்டும் கூர்மையாக நிற்கும். சரி, அந்த 30 விநாடியில் ஃபிரேமுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போன ஆள் எங்கே? கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கே? படத்தில் இருக்க மாட்டார்கள். மிஞ்சிப்போனால் லேசான புகை மாதிரி ஒரு கறை இருக்கும்.

லாங் எக்ஸ்போஷர் என்பது இதுதான். இன்றைக்கு இது ஒரு ஸ்டைல். தாஜ்மகால் மாதிரி எப்போதும் கூட்டம் மொய்க்கும் இடத்தில் கூட்டத்தையே ‘டெலீட்’ செய்ய டிராவல் போட்டோகிராபர்கள் பயன்படுத்தும் வித்தை. பல போன்களிலேயே இந்த மோடு வந்துவிட்டது.

ஆனால், தமிழ்நாட்டின் கோயில் நகரங்களை முதன்முதலில் விரிவாகப் படம்பிடித்தவருக்கு இது ஸ்டைல் இல்லை, வேறு வழியில்லாத நிலைமை. அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தில் கேப்டன். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று 1858-ல் அவர் எடுத்த படங்கள் இப்போதும் சோஷியல் மீடியாவில் சுற்றுகின்றன. பெரும்பாலும் அவர் பெயர் இல்லாமல்தான். கீழே வரும் கமென்ட்டுகளும் ஒரே ரகம்: அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது, கூட்டமே இல்லையே என்று.

கூட்டம் இருந்தது. கேமராதான் அதைப் பதிவு செய்யவில்லை.

பெயரே ஒரு மாதிரி

லின்னேயஸ் ட்ரைப் பிறந்தது 1822 ஏப்ரல் 14, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில். அப்பா சர்ஜன். வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள், இவர் ஒன்பதாவது. லின்னேயஸ் என்பது செடி கொடிகளை வகை பிரித்துப் பெயர் வைத்த ஸ்வீடன் விஞ்ஞானியின் பெயர். ட்ரைப் என்றால் ஆங்கிலத்தில் நம்மூர் ‘போட்டி’ மாதிரி குடல் கறி. இந்த இரண்டையும் சேர்த்துப் பெயராக வைத்துக்கொண்டு ராணுவ முகாமில் காலம் தள்ளுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்து இங்கிலாந்துப் பையன்களுக்கு கம்பெனி ராணுவம் ஒரு நிச்சயமான வேலை. 1838-ல் சேர்ந்து, அடுத்த வருடமே மெட்ராஸ் மாகாணத்தின் 12-வது நேட்டிவ் இன்ஃபென்ட்ரி படைப்பிரிவுக்கு வந்துவிட்டார். அப்போது வயது 17. பாரிஸில் டாகர் என்பவரின் புகைப்படக் கண்டுபிடிப்பு உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதும் அதே 1839-ல்தான். ஆனால் இருவரின் பாதையும் சந்திக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

1850-களின் தொடக்கத்தில் லீவில் ஊருக்குப் போனவர் அங்கே கேமரா பழகினார். லண்டனில் போட்டோகிராபிக் சொசைட்டி 1853-ல் தொடங்கியபோது அதில் உறுப்பினரானார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பும்போது அவர் கேப்டன். பெட்டி நிறைய கேமராவும் கெமிக்கலும்.

அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர் பக்கம் கிளம்பிவிட்டார். ஹொய்சாளர் காலத்துச் சிற்பங்களை எடுத்தார். 1855-ல் மெட்ராஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் அந்தப் படங்களை வைத்தார், முதல் தரப் பதக்கம் கிடைத்தது. நேரமும் சரியாக அமைந்தது. பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய ஓவியர்களை அமர்த்துவது செலவு, தாமதம், அதற்குப் பதில் கேமராவைப் பயன்படுத்தலாமே என்று லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே அந்தக் காலகட்டத்தில்தான் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

பர்மா டிரிப்

உடனே அடுத்த வாய்ப்பு. 1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போரில் பெகு பகுதியை கம்பெனி பிடுங்கிக்கொண்டது. அதன் பிறகு பர்மாவின் மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அனுப்பினார். தலைவர் ஆர்தர் ஃபேர், செயலாளர் ஹென்றி யூல். அதிகாரப்பூர்வ போட்டோகிராபர் ட்ரைப்.

மழைக்காலம், மூடின வானம், உடம்பு சரியில்லாத நாட்கள் என்று கையில் இருந்த நேரத்தில் பாதி போனது. இருந்தும் 200-க்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அதில் 120 படங்கள் தொகுப்பாக வெளியாயின. அந்த வேலையைப் பார்த்துத்தான் 1856-ல் மெட்ராஸ் மாகாணத்தின் அரசு போட்டோகிராபர் பதவி அவருக்கு வந்தது. அலுவலகம், உதவியாளர்கள், சம்பளம் எல்லாம் அரசாங்கச் செலவு. போட்டோ எடுப்பதற்கென்றே ஒரு அதிகாரி! அதற்கு முன்னால் இங்கே அப்படி ஒரு போஸ்ட் இல்லை.

மனிதர்கள் எப்படிக் காணாமல் போனார்கள்?

ட்ரைப் முக்கியமாகப் பயன்படுத்தியது மெழுகுக் காகித நெகட்டிவ் முறை. பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ க்ரே 1851 வாக்கில் இதை அறிமுகப்படுத்தினார். நல்ல தரமான காகிதத்தை உருகிய மெழுகில் ஊறவைக்க வேண்டும். பிறகு அயோடைடு கலந்த கரைசலில் ஒரு குளியல், அது காய்ந்ததும் இருட்டறையில் சில்வர் நைட்ரேட்டில் இன்னொரு குளியல். இதுதான் ஃபிலிம்.

அப்போது கண்ணாடித் தகட்டில் ஈரமாகவே படம் எடுக்கும் இன்னொரு முறையும் வந்துவிட்டது. அதில் படம் கூர்மையாக வரும், நேரமும் குறைவு. ஆனால் கெமிக்கலைப் பூசின சில நிமிடத்துக்குள் எடுத்து, அங்கேயே கழுவிவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? பாரமான கண்ணாடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடு பள்ளமான சாலையில் போனால் எத்தனை உடையாமல் ஊர் போய்ச் சேரும்? மெழுகுக் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முன்கூட்டியே தயார் செய்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டு கூடாரத்துக்கு வந்து நிதானமாகக் கழுவலாம். ஊர் ஊராகப் போகும் ஆளுக்கு இதுதான் சௌகரியம். சில வேலைகளுக்கு ட்ரைப் பின்னால் கண்ணாடித் தகட்டையும் பயன்படுத்தினார் என்றாலும், பெரிய பயணத்தில் கைகொடுத்தது காகிதம்தான்.

இதற்குக் கொடுத்த விலைதான் நேரம். அந்தக் காகிதத்துக்கு வெளிச்சத்தை உள்வாங்கும் வேகம் ரொம்பக் குறைவு. இன்றைய போன் கேமரா நல்ல வெயிலில் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிக்கும் வேலையை அது நிமிடக் கணக்கில் செய்யும். இருட்டான மண்டபத்துக்குள் இன்னும் நேரமாகும்.

ஐந்து நிமிடம் லென்ஸ் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் தூண் அந்த ஐந்து நிமிடமும் அதே இடத்தில் நின்று வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தூணுக்கு முன்னால் ஒருவர் பூக்கூடையோடு நடந்து போகிறார். ஓர் இடத்தில் அவர் இருப்பது அரை விநாடி. ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. அதில் அரை விநாடி என்பது 600-ல் ஒரு பங்கு. அவ்வளவு சின்னப் பங்கு காகிதத்தில் பதிவதே இல்லை. ஒருத்தர் இல்லை, நூறு பேர் அப்படியே கடந்து போனாலும் லேசான மூட்டம்தான் விழும். தெரு ‘காலி’.

டாகர் 1838-ல் பாரிஸ் வீதி ஒன்றை ஜன்னலில் இருந்து எடுத்த படத்திலும் இதேதான் நடந்தது. வண்டியும் ஆளுமாக ஓடிக்கொண்டிருந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்து நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார், அவ்வளவுதான் அவர் செய்த காரியம். புகைப்படத்தில் பதிவான முதல் மனிதர்களில் ஒருவராக இன்று பேசப்படுகிறார்.

அசைவது எல்லாமே ட்ரைப்புக்குப் பிரச்சினைதான். காற்றில் ஆடும் இலைகள் குழம்பிப்போகும். வானமோ அந்தக் காகிதத்தில் வெளுத்துவிடும், ஏனென்றால் நீல வெளிச்சம் அதில் மிக வேகமாகப் பதிந்துவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே பிரஷ் வைத்து வண்ணம் தீட்டினார். மேகம் வரைந்தார், மரத்துக்கு இலை வரைந்தார். அவர் படங்களில் அழகாக மிதக்கும் மேகங்களில் பல அன்று வானத்தில் இருந்தவை அல்ல. போட்டோஷாப் பற்றிப் புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மேகத்தையும் இலையையும் திரும்ப வரைந்தவர், மறைந்துபோன மனிதர்களை வரையவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கட்டடங்கள்.

மாட்டு வண்டியில் நாலரை மாதம்

1857 டிசம்பரில் பெங்களூரில் இருந்து ட்ரைப் கிளம்பினார். அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வட இந்தியாவில் சிப்பாய் எழுச்சி நடந்துகொண்டிருந்த நேரம். லக்னோவை ஆங்கிலேயர்கள் திரும்பப் பிடித்ததே 1858 மார்ச்சில்தான். கம்பெனி ஆட்சி உயிரோடு இருக்குமா என்பதே கேள்வியாக இருந்த மாதங்களில், அந்தக் கம்பெனியின் கேப்டன் ஒருவர் தெற்கே கோபுரங்களுக்கு எதிரே டிரைபாடை நட்டுக்கொண்டிருந்தார். மெட்ராஸ் மாகாணம் பெரும்பாலும் அமைதியாக இருந்ததால் இது சாத்தியமானது.

ராயக்கோட்டையில் தொடங்கி சேலம் மாவட்டம், பிறகு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு. பழவேற்காடு பக்கமெல்லாம் அவர் பாதை வரவில்லை. சுமார் 10-க்கு 14 இன்ச் அளவுப் படங்கள் எடுக்கும் கேமரா என்றால், கேமராவே ஒரு டிரங்குப் பெட்டி சைஸ். நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ பிரின்ட்டும் அவ்வளவுதான், பெரிதாக்கும் வசதி கிடையாது. அதனால்தான் அவ்வளவு பெரிய கேமரா. கெமிக்கல் ஜாடிகள், கூடாரம், நல்ல தண்ணீர் எல்லாம் கூடவே வர வேண்டும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்ட ஊர்களில் மதுரை முக்கியமானது. பின்னால் வெளியான தொகுப்பில் மதுரைக்கு மட்டும் நாலு பாகம். வைகை, தெப்பக்குளம், முடிக்கப்படாமல் நிற்கும் ராயகோபுரம், மீனாட்சியம்மன் கோயிலின் வெளிப்பகுதிகள், புதுமண்டபத்தின் தூண் வரிசை என்று வரிசையாக எடுத்தார். கோயில் நகைகளைக்கூட ஒரு படத்தில் பதிவு செய்திருக்கிறார்.

திருமலை நாயக்கர் மகாலை அவர் பார்த்தபோது அது பாதி இடிந்த நிலையில் இருந்தது. 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் காலத்தில்தான் அதைப் பழுதுபார்த்தார்கள். ஆக, பழுதுபார்ப்பதற்கு முன்னால் மகால் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ட்ரைப்பின் படங்கள் முக்கியமான சாட்சி. எந்த வளைவு எவ்வளவு நின்றது, எந்தக் கூரை விழுந்திருந்தது என்பதைக் கட்டடக்கலை படிக்கிறவர்கள் இன்றும் அதில் பார்க்க முடியும். இந்த வகையில் அவர் செய்தது சாதாரண உதவி இல்லை.

இன்னொரு படம் மதுரைக்காரர்களுக்குப் பழக்கமான இடம்: விளக்குத்தூண். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்திய தூண் அது. ட்ரைப் அதை பிளாக்பர்ன் நினைவுச்சின்னம் என்ற பெயரில்தான் பதிவு செய்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனவர்களுக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது என்று தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அதே மெழுகுக் காகிதத்தை வைத்து ஐந்து நிமிடம் லென்ஸைத் திறந்தால், படத்தில் தூண் தெளிவாக இருக்கும். கீழே ஒரு பனிமூட்டம் மாதிரி ஏதோ கலங்கலாகத் தெரியும். படத்தைப் பார்த்து, தீபாவளிக்கு மதுரையில் கடையே இல்லை என்று யாராவது முடிவுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

அன்றைக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது. இந்தப் படங்கள் அரசு அலுவலகங்களுக்கும் லண்டனுக்கும் போயின. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மதுரையைப் பார்த்ததே இல்லை. அவர்கள் கண்ணில் பட்டது மாபெரும் கோயில்கள், உடைந்த அரண்மனை, ஆளில்லாத பிராகாரம். ஒரு காலத்தில் பெரிதாக வாழ்ந்து முடிந்துபோன நாடு என்ற கதைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ட்ரைப் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். அவருடைய கேமரா அதைத்தான் சொன்னது. பூசை நடந்துகொண்டிருந்த, தேர் ஓடிக்கொண்டிருந்த, சந்தை கூடிக்கொண்டிருந்த ஊர்கள் இவை.

தஞ்சாவூரின் 21 படங்கள்

தஞ்சாவூருக்கு ட்ரைப் வந்து சேர்வதற்கு மூன்று வருடம் முன்புதான், 1855-ல், மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அதைச் சாக்காக வைத்து அரசை எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். ட்ரைப் அங்கே படம் எடுத்தபோது அந்தச் சொத்துத் தகராறு முடியவில்லை. 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் கம்பெனி பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. அரண்மனையைப் பறித்த அரசாங்கத்தின் போட்டோகிராபர் அரண்மனையை எடுக்கிறார் என்பது அந்தப் படங்களுக்குள் தெரியாத செய்தி.

ஆனால் தஞ்சையில் ட்ரைப் செய்த பெரிய வேலை பெரிய கோயிலில். விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாக எடுத்தார். கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து ஒரு படம், அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த படம். இப்படி எடுத்த 21 பிரின்ட்டுகளை ஒட்டிச் சேர்த்தால் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். போனில் பனோரமா மோடு போட்டு கையை நகர்த்துகிற அதே ஐடியா, 1858-ல், மாட்டு வண்டியில் வந்த கேமராவில். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உயரமோ தூரமோ கொஞ்சம் மாறினாலும் வரி சேராது. அவர் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான வேலை என்று இதைச் சொல்லலாம்.

பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் படித்துத் தொகுத்து அரசு வெளியிடத் தொடங்கியது 1890-களில். அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே, ராஜராஜன் காலத்து எழுத்துகளை அதே வரிவடிவத்தில் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர் ட்ரைப். கல் அசையாது. லாங் எக்ஸ்போஷருக்கு அதைவிட நல்ல ‘மாடல்’ கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கோயில் கல்வெட்டுகளில் இருப்பது தங்கம், வெள்ளி, நிலக் கணக்கு மட்டும் இல்லை, மனிதர்களும் இருக்கிறார்கள். சுற்றுச்சுவரில் உள்ள ஒரு நீண்ட கல்வெட்டு, கோயிலில் பணியாற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறது. அதோடு ஆடல் ஆசான், பாடுபவர்கள், வாத்தியக்காரர்கள், தையல்காரர், கணக்கர் என்று பட்டியல் போகிறது. சோழர் காலத்தில் அந்தப் பிராகாரத்தில் யார் யார் நடமாடினார்கள் என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 1858-ல் கேமராவுக்கு முன்னால் யார் நடந்தார்கள் என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கூட இருந்தவர்கள்

வண்டியோட்டிகள், தண்ணீர் சுமந்தவர்கள், கூடாரம் அடித்தவர்கள், பிரின்ட் போட்டவர்கள் என்று ட்ரைப்பின் வேலைக்குப் பின்னால் பெரிய உழைப்பு உண்டு. அவர்களில் பெயரோடு வரலாற்றில் தங்கியிருப்பவர் சி. ஐயாசாமி. மெட்ராஸ் தொழிற்கலைப் பள்ளியோடு தொடர்புடையவர் (இன்றைய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி அது), ட்ரைப்புக்கு உதவியாளராக இருந்தார். பயிற்சி பெற்ற ஆரம்பகால இந்திய போட்டோகிராபர்களில் ஒருவர். ட்ரைப்பைத் தேடும் பலர் இவர் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1858 கோடையில் மெட்ராஸ் மியூசியத்தில் அமராவதி புத்தச் சிற்பங்களை ட்ரைப் எடுத்தார். வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிய சிற்பங்கள் அவை. அடுத்த வருடமே அவற்றைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மெட்ராஸில் இருந்த நிலையில் அவை எப்படித் தெரிந்தன என்பதற்கு இந்தப் படங்கள்தான் ஆதாரம்.

பிறகு பிரின்ட் போடும் வேலை. நெகட்டிவையும் பிரின்ட் காகிதத்தையும் ஒன்றாக ஃபிரேமில் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரின்ட்டும் தனித்தனி வெயில். படம் மங்கிவிடக் கூடாது என்று தங்கக் கரைசலில் முக்கினார்கள். ஆயிரக்கணக்கான பிரின்ட்டுகள் இப்படி உருவாயின. 165 வருடம் கழித்தும் அவை அழுத்தமான நிறத்தோடு இருப்பதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

கவர்னர் கணக்குப் போட்டார்

எழுச்சியை அடக்கியதில் அரசாங்கத்தின் கஜானா காலி. 1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து நிர்வாகம் பிரிட்டிஷ் அரசியின் கைக்குப் போனது. 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். செலவைக் குறைப்பதில் பெயர் போனவர். அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் நிவாரணச் செலவை அவர் கையாண்ட விதத்தை அந்த நாட்டில் இன்றும் மன்னிக்கவில்லை. அரசு போட்டோகிராபர் பதவி அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. ட்ரைப்பின் பிரிவை மூட உத்தரவு வந்தது. அடுத்த சுற்றுப் பயணங்கள் எல்லாம் நின்றுபோயின. இத்தனைக்கும் சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது இதே ட்ரெவெலியன் காலத்தில்தான். பூங்காவுக்கு இருந்த பணம் போட்டோவுக்கு இல்லை. வருமான வரிக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியதற்காக 1860-ல் அவரையே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது தனிக் கதை.

ட்ரைப்புக்கு அப்போது 38 வயதுகூட ஆகவில்லை. திறமை உச்சத்தில் இருந்த நேரம். இருந்தும் அதன் பிறகு கேமராவை ஏறக்குறைய விட்டுவிட்டார். ராணுவத்துக்குத் திரும்பி, வழக்கமான பதவி உயர்வுகள் வாங்கி, 1875 வாக்கில் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அவர் தீவிரமாகப் படம் எடுத்தது மொத்தம் ஆறேழு வருடம்தான். 1902 மார்ச் 2 அன்று, பிறந்த அதே டெவன்போர்ட்டில் இறந்தார். அந்தச் சமயத்தில் கோடாக் பிரவுனி என்ற ஒரு டாலர் கேமரா சந்தைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சின்னப் பிள்ளைகள்கூட வெயிலில் நின்று ஒரு ‘க்ளிக்’கில் தெருவில் நடப்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நூறு வருடத்துக்கு மேல் ட்ரைப் பெயர் ஆராய்ச்சியாளர்கள் வட்டத்துக்குள்தான் இருந்தது. 2014-ல் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பிறகு அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கும் போனது. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட இடங்களில் உள்ள அவருடைய பிரின்ட்டுகளின் ஸ்கேன்கள் பல இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. பெரிய நெகட்டிவ் என்பதால் போனில் இரண்டு விரலால் எவ்வளவு விரித்தாலும் செங்கல் வரை தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் சின்ன காப்பியில் இது தெரியாது. அப்படி விரிக்கும்போது, தூண் ஓரத்திலோ படிக்கட்டிலோ மரத்தடியிலோ துடைத்த மாதிரி ஒரு கறை கண்ணில் பட்டால், காகிதத்தின் பழுது என்று உடனே தள்ளிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று, பிறகு நகர்ந்து போன யாரோ ஒருவராக இருக்கலாம்.